கறுப்பு வெள்ளையில் மறைந்த நிறங்கள்

மலையகத்துப் பழைய நிழற்படங்கள் பலவற்றில் நம் முன்னோர் கன்னங்கரேலென்றே தோன்றுகின்றனர். "அந்தக் காலத்தில் இவ்வளவு கறுப்பாகவா இருந்தார்கள், சேர்?" என்று கொத்மலையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. இதற்கான விடையில் ஒரு பகுதி இரசாயனத்தில் இருக்கிறது.

ஆங்கிலேய நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கை வந்து, தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படமெடுத்தார். 1879 இல் மறைந்த அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்டது, 1851 இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. அந்தக் கண்ணாடித் தகடு நீலம், ஊதா, புறஊதா ஒளிகளையே நன்கு உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருளே. கபில நிறத் தோலிலிருந்து வரும் ஒளியிலோ சிவப்பே மிகுதி. ஆகவே முகங்கள் உள்ளதைவிடக் கறுப்பாகப் பதிந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 இல்தான் விற்பனைக்கு வந்தன.

அன்று தகடு செய்த தெரிவை இன்று கணினியில் நாமே செய்கிறோம். வர்ணப் படமொன்று சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று படைகளால் ஆனது. நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கமரன் காலத்துத் தோற்றம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். போட்டோசொப்பில் 'டிசச்சுரேட்' கட்டளையால் நிறத்தை நீக்கினால், தூய சிவப்பும் தூய பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிவப்புச் சேலை தேயிலைச் செடியோடு கலந்துவிடும்.

2007 இல் அதில் சேர்ந்த 'பிளாக் அன்ட் வைட்' கருவி, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே வெளிறச் செய்யவும் இருளாக்கவும் இடந்தருகிறது. பச்சையைச் சற்றுத் தாழ்த்தி, சிவப்பையும் மஞ்சளையும் சிறிது உயர்த்தினால் முகம் இலைகளிலிருந்து விலகித் தெளியும். அளவு மீறினால் நெற்றிச் சுருக்கமும் வெயிலின் வடுவும் அழிந்து, தோல் வெளுத்த பொய்முகமொன்றே எஞ்சும். முன்னோரைக் கறுப்பாக்கிய தகட்டின் குறைக்கு அவர்களை வெள்ளையாக்குவது பரிகாரமாகாது.

பழைய படத்தையும் வர்ணத்திலேயே ஸ்கேன் செய்வது நல்லது. மஞ்சட் கறை நீலப் படையிலேயே அதிகம் தெரியும். சிவப்புப் படையில் மங்கிவிடும். ஆனால் தகடு பதியாததை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு 2023 இல் நினைவுகூரப்பட்டது. வீடுகளிலுள்ள படங்களையும் அந்த வரலாற்றோடு சேர்க்க விரும்புவோர், மூலப்படத்தைத் தொடாமல் காத்து, மாற்றியவற்றைப் படத்தின் கீழே குறித்துவைக்க வேண்டும். அப்போதுதான் நாளைய பிள்ளை எது தோலின் நிறம், எது நம் கைவேலை என்று பிரித்தறிய முடியும்.