நேரலைக்கு எட்டாத டிராம்

1936 நவம்பர் 2 அன்று, வடக்கு லண்டனில் ஒரு குன்றின் மேலுள்ள அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து பிபிசி முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதே குன்றில் டிராம் வண்டிகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தடங்கள் 1938-இல் மூடப்பட்டாலும் நகரின் பிற பகுதிகளில் டிராம் 1952 வரை ஓடியது. போர்க்காலத்தில் ஒளிபரப்பு நின்றிருந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தாலும், இரண்டும் ஒரே நகரில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சேர்ந்து இயங்கின. ஆயினும் நேரலையில், அதாவது நிகழும் பொழுதிலேயே வீடுகளுக்குச் சென்ற ஒளிபரப்பில், டிராம் இடம்பெறும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது.

இதற்கு முதற்காரணம் நகரின் அமைப்பே. செல்வர்கள் வாழ்ந்த மேற்கு லண்டனின் மையத் தெருக்களில் தண்டவாளம் பதிக்க எதிர்ப்பு வலுவாக இருந்ததால், டிராம் பெரும்பாலும் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் புறநகர்களிலும் உழைப்பாளர்களின் வண்டியாகவே நிலைத்தது. தொடக்ககாலத் தொலைக்காட்சிப் படக்கருவிகளோ கம்பிவடத்தால் கட்டுண்டவை. 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை ஹைட் பார்க் முனையிலிருந்து காட்டுவதற்கு மைய லண்டனில் தனி வடம் பதிக்க வேண்டியிருந்தது. அவ்வடம் அரச விழாக்கள் நடக்கும் தெருக்களை நாடிச் சென்றதே தவிர, டிராம் ஓடிய கடைத்தெருக்களை நாடவில்லை.

அப்படியே ஏதேனும் ஒரு காட்சியின் ஓரத்தில் டிராம் கடந்திருந்தாலும், அதற்குச் சான்று எஞ்சும் வாய்ப்பு மிகக் குறைவு. திரையில் தெரியும் படத்தைப் படச்சுருளில் பிடித்துவைக்கும் முறையைப் பிபிசி 1947-இல்தான் கைக்கொண்டது. அதற்குப் பின்னும், செலவு மிகுதியால், பெரும்பாலான நேரலைகள் பதிவாகாமலேயே போயின.

1952 ஜூலை 5 நள்ளிரவு கடந்து, மக்கள் திரள் சூழ, கடைசி டிராம் நியூ கிராஸ் பணிமனைக்குள் நுழைந்தது. நாணயங்களைத் தண்டவாளத்தில் வைத்து நசுக்கி நினைவுப்பொருளாக்கிக்கொள்வது அந்நாட்களில் பலருக்கும் வழக்கமாயிருந்தது. அந்த விடைபெறலை இன்று கண்முன் நிறுத்துவது தொலைக்காட்சியன்று, ஜான் கிரிஷ் இயக்கி 1953-இல் வெளிவந்த குறும்படம். இத்தகைய திரைப்படச் சுருள்கள் பின்னாளில் தொலைக்காட்சியிலேயே மீண்டும் மீண்டும் காட்டப்பட்டதால், சிறு வயதில் டிராமை நேரலையில் கண்டதாக எவரேனும் நினைவுகூர்ந்தால், அந்நினைவில் இச்சுருள்களும் கலந்திருக்கக்கூடும் என்று கொள்வதே பொருத்தம்.