உடைந்த குரலா, மாறும் குரலா? விடலைப் பருவச் சிறுவர்க்கான சேர்ந்திசைப் பயிற்சியின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஆண்பிள்ளைகளின் குரல், விடலைப் பருவத்தில் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவு தாழ்கிறது. இம்மாற்றம் நிகழும் காலத்தில் அவர்களைப் பாடவைக்கலாமா என்னும் வினாவிற்கு ஐரோப்பிய, அமெரிக்க இசை உலகம் காலத்திற்குக் காலம் வேறுபட்ட விடைகளைத் தந்துள்ளது. அவ்விடைகள் உடலியல் அறிவின் வளர்ச்சியால் மட்டும் மாறவில்லை. சிறுவர்களைப் பாடவைத்த நிறுவனங்களின் தேவையும் அவற்றைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஆலயப் பாடகர் குழு முதல் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க இடைநிலைப் பள்ளி வரையிலான வரலாறு இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குரல் மாற்றம், மகரக்கட்டு, சேர்ந்திசை, காம்பியாட்டா, இசைக் கல்வி வரலாறு.

முன்னுரை

ஆண்பிள்ளையின் குரல் மாறும் நிலையைத் தமிழ் நாடக உலகம் 'மகரக்கட்டு' என்று வழங்கியது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சிறுவர் நாடகக் குழுக்களில் பாட்டே நடிகனின் முதல் தகுதியாக இருந்தது. எனவே மகரக்கட்டு என்பது அங்கு வேடத்தை இழக்கும் அச்சத்தோடு இணைந்த சொல்லாயிற்று. இச்சொல்லின் பிற்பகுதி கருதத்தக்கது. 'தொண்டை கட்டிக்கொண்டது' என்கிறபோது அந்தக் கட்டு ஒருநாள் விடும் என்பதும் உட்கிடையாக உள்ளது. ஆங்கிலமும் ஜெர்மனும் இதே நிலையைக் குரல் 'உடைதல்' என்றே நெடுங்காலம் வழங்கின. உடைந்தது மீளாது. பெயரிடலிலேயே ஒரு கொள்கை அடங்கியிருப்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

சிறுவர் நாடகக் குழுவில் சிறுவன் தனியாகப் பாடினான். சேர்ந்திசையில் சிக்கல் வேறு வகையானது. அங்கு ஒவ்வொரு பாடகனும், முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு குரல் வரிசைக்குள் பொருந்தியாக வேண்டும். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்னும் நால்வகைப் பகுப்பில் எதிலும் அடங்காத குரலை என்செய்வது? இவ்வினாவின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

1. ஆலயப் பாடகர் குழுவும் வெளியேற்றமும்

ஐரோப்பியக் கிறித்தவ ஆலயங்களில் பெண்கள் பாடகர் குழுவில் இடம்பெறாமையால், மேல் வரிசைகளைச் சிறுவர்களே பாடினர். உணவும் உறையுளும் கல்வியும் அவர்கள் குரலுக்கு ஈடாகக் கிடைத்தன. குரல் மாறியதும் அவ்வுடன்படிக்கை முடிவுற்றது.

இதற்குப் பெரிதும் அறியப்பட்ட சான்று ஜோசஃப் ஹைடன். வியன்னாவின் புனித ஸ்டீஃபன் பேராலயக் குழுவில் பாடிய அவர், 1749ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 17 வயதில், குரல் மாறிய நிலையில் வெளியேற்றப்பட்டார். பேரரசி மரியா தெரேசா அவர் பாட்டைக் காகம் கரைவதாகக் குறைகூறினார் என்ற செய்தி அவர் வாழ்க்கை வரலாறுகளில் வழங்கி வருகிறது. அவர் பாடிய தனிப் பகுதிகள் தம்பி மைக்கேலுக்குச் சென்றன. அரை நூற்றாண்டுக்கு மேலான இடைவெளியில் அதே நகரின் அரசவை ஆலயக் குழுவில் பாடிய ஃபிரான்ஸ் ஷூபர்ட், 1812 ஜூலை 26 அன்று தாம் இறுதியாகக் 'கூவியதாக' ஆல்டோ பகுதி ஏட்டில் எழுதிவைத்தார். பேரரசி பிறரைப் பற்றிக் கூறியதாகச் சொல்லப்படும் ஏளனத்தை, ஷூபர்ட் தம்மைப் பற்றித் தாமே எழுதினார். குறும்பாக எழுதியிருக்கலாம். ஆயினும், மாறும் குரலைப் பறவையின் ஒலியாகக் கருதும் நோக்கு நிறுவனத்திலிருந்து சிறுவன் மனத்திற்கும் இறங்கியிருந்தது என்பதற்கு அது சான்றாகிறது.

இச்சான்றுகளைப் படிக்கும்போது வயது குறித்த எச்சரிக்கை தேவை. லைப்சிக் நகரில் பாக்கின் குழுவில் 1727 முதல் 1749 வரை பாடிய மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1970இல் வெளியான ஆய்வொன்று, அவர்கள் குரல் பொதுவாக 16 வயதுக்கு மேலேயே மாறியது என்று கணித்தது. இன்று இம்மாற்றம் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் நிகழ்கிறது. அதாவது, அக்காலக் குழுவிற்கு ஒரு சிறுவனை நெடிது பயிற்றி, முதிர்ந்த இசையறிவோடு மேல் வரிசையில் பாடவைக்கப் போதிய காலம் இருந்தது. அவன் குரல் மாறியபோது அவனிடத்தை நிரப்ப இளையவர் காத்திருந்தனர். மாறும் குரலுக்குப் பயிற்சி முறை ஒன்றை வகுக்க வேண்டிய நெருக்கடி அந்நிறுவனத்திற்கு எழவேயில்லை.

2. ஓய்வா, பயிற்சியா? 19ஆம் நூற்றாண்டு விவாதம்

1854இல் பாடல் ஆசிரியர் மானுவேல் கார்சியா, சிறு கண்ணாடியின் துணையால் தம் குரல்வளையின் இயக்கத்தைத் தாமே கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் தம் நோக்கீடுகளை முன்வைத்தார். குரல்வளையை நேரில் காணும் வழி பிறந்ததும், மாறும் குரல் பற்றிய பேச்சு மருத்துவத் துறைக்குள் நுழைந்தது.

கார்சியா, மாற்றக் காலத்தில் முழு ஓய்வு வேண்டும் என்றார். இளமையில் ஓய்வின்றிப் பாடியதே தம் குரல் கெட்டதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. இதற்கு மாறாக, லண்டனின் புகழ்பெற்ற தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கென்சி, 1886இல் வெளியிட்ட தம் நூலில், வரம்பறிந்து பாடினால் தீங்கில்லை என்று வாதிட்டார். அவ்விவாதத்தில் ஓய்வுக் கொள்கையே பெரும்பான்மை ஆதரவைப் பெற்றது.

அதற்கான காரணத்தை இருவரின் வாதத் திறத்தில் மட்டும் தேடுதல் பொருந்தாது. ஓய்வு என்னும் மருத்துவ அறிவுரை, வெளியேற்றம் என்னும் பழைய வழக்கத்தோடு முரணின்றி இணைந்தது. நேற்றுவரை 'இனிப் பயன்படான்' என்று அனுப்பப்பட்ட சிறுவன், இப்போது 'அவன் நலத்திற்காக' அனுப்பப்பட்டான். காரணம் மாறிற்று, சிறுவன் நின்ற இடம் மாறவில்லை. மேலும், கார்சியா முன்வைத்த இழப்பு, முயன்று உயர்ந்த சுரங்களைப் பாடியதால் நேர்ந்ததா, பாடியதாலேயே நேர்ந்ததா என்ற வினா அன்று முறையாகப் பிரித்தறியப்படவில்லை. மெக்கென்சியின் 'வரம்பறிந்து' என்னும் அடைமொழியே அவ்வினாவின் திறவுகோல். ஆயின் வரம்பு எது என்பதை அளந்து சொல்ல மேலும் பல பத்தாண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

3. இடைநிலைப் பள்ளி எழுப்பிய நெருக்கடி

திருப்பத்தை ஏற்படுத்தியது மருத்துவமன்று, பள்ளி அமைப்பு. 1909இல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலும், 1910இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரிலும் தொடங்கிய இடைநிலைப் பள்ளி முறை, ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவரைத் தனி நிறுவனமாகத் தொகுத்து அமெரிக்கா முழுதும் பரவிற்று. குரல் மாறும் வயதினர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர்.

ஆலயக் குழுவிற்கு இருந்த இரு வசதிகளும் இங்கு இல்லை. தேர்ந்தெடுத்துச் சேர்க்க இயலாது. குரல் மாறினால் வெளியேற்றவும் இயலாது. மாற்றத்திற்கு ஓய்வு என்றால், ஆண்பிள்ளைகளுக்கு இசை வகுப்பே இல்லை என்றாகிவிடும். 'பாடவைக்கலாமா' என்னும் வினா, 'எதைப் பாடவைப்பது' என்று மாறியது இச்சூழலில்தான்.

முதல் விடை ஆல்டோ-டெனர் முறையாகும். இதனை விரிவாக எடுத்துரைத்தவர் டங்கன் மெக்கென்சி. அவர் நூல் 1956இல் வெளிவந்தது. குரல் படிப்படியாகத் தாழ்வதால், மாணவனை மேல் வரிசையிலிருந்து ஆல்டோவிற்கும், அங்கிருந்து ஆல்டோவிற்கும் டெனருக்கும் இடைப்பட்ட வரிசைக்கும் இறக்கிக்கொண்டே வரலாம் என்பது இதன் சாரம்.

இரண்டாம் விடை இர்வின் கூப்பருடையது. கனடாவின் மாண்ட்ரியல் பள்ளிகளில் பணியாற்றிப் பின்னர் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், மாறும் குரலை ஆல்டோவின் குறையாகவோ டெனரின் முன்நிலையாகவோ காணாமல், தனிக் குரல் வகையாகக் கொண்டார். 'மாறிய சுரம்' எனப் பொருள்படும் இத்தாலிய இசைச் சொல்லிலிருந்து 'காம்பியாட்டா' என்று அதற்குப் பெயரிட்டார். நடு 'சி'க்குக் கீழுள்ள 'எஃப்' முதல் நடு 'சி'க்கு மேலுள்ள அடுத்த 'சி' வரை, ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயி, அதன் எல்லை.

இவ்வெல்லையை நால்வகைப் பாடலோடு வைத்து நோக்கினால் கூப்பர் கண்ட உண்மை விளங்கும். இம்மாணவனுக்குச் சொப்ரானோ வரிசையின் உச்சம் எட்டாது. பேஸ் வரிசையின் அடிச்சுரங்கள் இன்னும் பிறக்கவில்லை. முதிர்ந்த ஆணுக்கென எழுதிய டெனர் வரிசையும் பல இடங்களில் அவனைக் கைவிடும். எதைக் கொடுத்தாலும் பாதிச் சுரங்களே கிட்டும். எஞ்சியவற்றை அவன் ஒரு ஸ்தாயி கீழே முணுமுணுப்பான், அல்லது வாயசைப்பான். ஆசிரியர் அவனைச் 'சுருதி சேராதவன்' என்று குறிப்பார். குறை அவன் செவியில் இல்லை. அவன் கையிலிருந்த ஏட்டில் இருந்தது. குரலுக்கேற்ப இசையை அமைக்க வேண்டும் என்பதே கூப்பரின் கோட்பாடு. அவர் மறைவுக்குப்பின், 1970களில், அவர் மாணவர் டான் காலின்ஸ் இதற்கெனவே பதிப்பகம் தொடங்கி இப்பாடல்களைப் பரப்பினார்.

மூன்றாம் விடை ஃபிரெடெரிக் ஸ்வான்சனுடையது. சில மாணவரின் குரல் படிப்படியாக இறங்காமல் விரைந்து பேஸ் நிலைக்கு வீழ்வதையும், அவர்களுக்கு நடு 'சி'யை ஒட்டிய சில சுரங்கள் ஒலிக்காமலே போவதையும் அவர் எடுத்துக்காட்டினார். கூப்பரின் ஒரே எல்லைக்குள் இவர்கள் அடங்கவில்லை.

4. அளவீட்டின் வரவு: ஜான் குக்ஸி

முரண்பட்ட இவ்விடைகளை ஒருங்கு வைத்து நோக்கியவர் ஜான் குக்ஸி. 1977-78இல் அமெரிக்கச் சேர்ந்திசை ஆய்விதழ் ஒன்றில் வெளியான தொடர் கட்டுரைகளில், மாறாத குரலுக்கும் முதிர் குரலுக்கும் இடையே ஐந்து நிலைகளை வகுத்தார். பின்னர்க் கலிஃபோர்னியாவில் 86 மாணவரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அளந்து தம் கருதுகோளைச் சோதித்தார்.

அவர் முடிவுகளுள் மூன்று பயிற்சி வரலாற்றில் முதன்மை பெறுவன. முதலாவது, மாற்றத்தின் தொடக்க அறிகுறி உச்சச் சுரங்களின் இழப்பே. தாழ்சுரங்கள் பின்னரே கிட்டுகின்றன. எனவே பாடும் எல்லை, விரிவதற்கு முன் சுருங்குகிறது. மாறாத குரலில் ஏறத்தாழ இருபது அரைச்சுரங்களாக உள்ள எல்லை, மாற்றத்தின் உச்ச நிலையில் பதினாறாகக் குறைகிறது. இரண்டாவது, நிலைகளின் வரிசை பொதுவானது. ஆனால் தொடங்கும் வயதும் கடக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மூன்றாவது, பெரிதும் ஊறுபடத்தக்க நிலை, மாற்றம் உச்சமடையும் இடைக்கட்டமே.

இதன்வழி மெக்கென்சியின் 'வரம்பறிந்து' என்னும் சொல்லுக்கு அளவு கிடைத்தது. ஆண்டில் பலமுறை குரலைச் சோதித்தல், அதற்கேற்ப வரிசையை மாற்றுதல், மேலிருந்து கீழிறங்கும் பயிற்சிகளை அளித்தல், எட்டாத சுரங்களை விட்டுவிட இசைதல் ஆகியன வழக்கத்திற்கு வந்தன. முன்னைய கூற்றுகள் ஒவ்வொன்றும் ஏன் ஓரளவு மெய்யாக இருந்தன என்பதும் புலனாயிற்று. மெதுவாக இறங்கிய மாணவரை மெக்கென்சியின் முறையும், இடைநிலையில் நின்றவரைக் கூப்பரின் முறையும், விரைந்து இறங்கியவரை ஸ்வான்சனின் கூற்றும் நன்கு விளக்கின.

5. வகைப்பாட்டின் எல்லைகள்

நிலைகளின் பட்டியல் ஒரு புதிய சிக்கலையும் உடன் கொணர்ந்தது. வகுப்பறையில் வரிசைப் பெயர்கள் மதிப்பெண்கள்போல் இயங்குகின்றன. பாரிட்டோன் எனப்படுதல் ஆண்மையின் அடையாளமாகவும், மேல் வரிசையில் நீடித்தல் பின்தங்கலாகவும் கொள்ளப்படும்போது, சிறுவன் தன் குரலை வலிந்து தாழ்த்துகிறான். சிறுவர் பாட்டின் இச்சமூகப் பரிமாணத்தை மார்ட்டின் ஆஷ்லி 2009இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். இண்டியானாபொலிஸ் சிறுவர் பாடகர் குழுவை 1986இல் நிறுவிய ஹென்றி லெக், 'மாறும் குரல்' என்பதினும் 'விரியும் குரல்' என்பதே பொருந்தும் என்றார். புதிய தாழ்குரலோடு பழைய மேற்குரலையும் பேணிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. உடைதல், மாறுதல், விரிதல் என்னும் இச்சொல் வரிசையே இவ்வரலாற்றின் சுருக்கம் எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஓய்வுக் கொள்கை ஆலயக் குழுவின் ஆள்மாற்று முறையோடும், தழுவல் கொள்கை பொதுப் பள்ளியின் கட்டாயச் சேர்க்கையோடும் பொருந்தி வளர்ந்தமை அறியமுடிகிறது. ஒரு மாணவன் பாடவல்லவனா என்னும் தீர்ப்பு, அவன் உடலைப் பொறுத்ததாகத் தோன்றினும், அவனுக்கு எந்த வரிசை எழுதப்பட்டிருந்தது என்பதையே பெரிதும் பொறுத்திருந்தது.

இம்முடிவு தமிழ் இசைக் கல்விக்கும் ஒரு வினாவை விடுக்கிறது. நம் குழுப்பயிற்சியில் வகுப்பு முழுவதும் ஒரே ஆதார சுருதியில் பாடுகிறது. பெண்களுக்கும் சிறுவர்க்கும் ஐந்து கட்டையை ஒட்டியும், முதிர்ந்த ஆண்களுக்கு ஒரு கட்டையை ஒட்டியும் சுருதி அமைகையில், மகரக்கட்டில் உள்ள மாணவனுக்கு இரண்டும் பொருந்துவதில்லை. இங்கு இரண்டாம், மூன்றாம் வரிசை எழுதித்தரும் மரபும் இல்லை. அவன் சில மாதங்கள் வாய்மூடியிருந்து, பின்னர் வகுப்பையே விட்டுவிட வாய்ப்புண்டு. பள்ளி, இசைக் கல்லூரி வகுப்புகளில் இவ்வயது மாணவரின் குரல் எல்லையை அளந்து, அவர்களுக்கேற்ற சுருதியில் சிறு குழுக்களாகப் பயிற்றுவதன் விளைவை ஆராய்தல் உடனடித் தேவையாகும். கட்டு அவிழும் வரை ஆசிரியர் அவனை வகுப்பில் வைத்துக்கொள்ள அத்தகைய ஆய்வு துணைநிற்கும்.