மனோரதப் படங்கள்: விருப்பத்தை வரைந்து தந்தவர்கள்

மறைந்துபோன தந்தை, மணக்கோலத்திலிருக்கும் மகளின் அருகில் நின்று ஆசி வழங்குவதுபோல் கணினியில் ஒரு படத்தை உருவாக்கி, சட்டமிட்டுப் பரிசளிக்கும் வழக்கம் இன்று இந்திய நகரங்களில் பரவிவருகிறது. ஒரு சாரார் அதனை நெகிழ்ச்சியோடு ஏற்கின்றனர். மற்றொரு சாரார், நடவாததை நடந்ததாகக் காட்டும் போலி என அதனைப் புறந்தள்ளுகின்றனர். ஆயினும் இது கணினி கொணர்ந்த புதுமை என்று கருதுவதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். வரலாறு அக்கருத்துக்கு இடந்தரவில்லை.

ராஜஸ்தானில் உள்ள நாத்துவாரா, வல்லபாச்சாரியார் நிறுவிய புஷ்டிமார்க்கத்தின் முதன்மைத் தலம். ஔரங்கசீப்பின் ஆட்சிக்காலத்தில் கோவர்த்தனத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஸ்ரீநாத்ஜியின் திருமேனி, 1672இல் மேவார் அரசின் பாதுகாப்பில் இங்கு நிலைகொண்டது. கோயிலைச் சுற்றி ஓவியர் குடும்பங்கள் குடியேறின. இறைவனின் பின்னே தொங்கவிடப்படும் பிச்வாய்த் துணி ஓவியங்களும், யாத்திரிகர்கள் வாங்கிச் செல்லும் சிறு படங்களும் அவர்களின் வாழ்வாதாரமாயின.

அடியவர் ஒருவர் தம் செலவில் இறைவனுக்குச் செய்விக்கும் சிறப்பு வழிபாட்டுக்கு அங்கு ‘மனோரதம்’ என்று பெயர். உள்ளத்து விருப்பம் என்று தமிழிலும் பொருள்படும் அதே சொல்தான். அவ்வழிபாட்டின் நினைவாக, தம்மையும் குடும்பத்தாரையும் இறைவனின் இருபுறமும் நிறுத்தி வரைந்து தருமாறு குஜராத்தி வணிகர் உள்ளிட்ட செல்வந்தர்கள் ஓவியர்களைப் பணித்தனர். இவ்வாறு பிறந்தவையே மனோரதப் படங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளிப்படம் இக்கலைக்குள் நுழைந்தது. ஓவியர் கருவறையையும் இறைவனையும் மரபு வண்ணங்களில் தீட்டுவார். அடியவர்களின் முகங்களை ஒளிப்படங்களிலிருந்து வெட்டியெடுத்து உரிய இடங்களில் ஒட்டுவார். பின்னர் கழுத்துக்குக் கீழே உடலையும் உடையையும் அணிகளையும் கூப்பிய கைகளையும் தூரிகையால் நிறைவு செய்வார். படத்திலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் அந்தச் சந்நிதியில் நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவர்களின் ஒளிப்படங்கள் கிடைத்தாலே போதும்.

இது நாத்துவாராவோடு நின்றுவிடவில்லை. ஒளிப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு, அடுத்த ஓராண்டுக்குள் கல்கத்தாவை எட்டியது. 1854இல் பம்பாயிலும் 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் குங்குமம் சிவப்பாகத் தெரியாது; பட்டின் நிறமும் பொன்னின் ஒளியும் வெளிப்படா. மங்கலத்தை நிறத்தால் உணரும் ஒரு சமூகத்துக்கு அது குறைபட்ட உருவமாகவே தோன்றியது. எனவே நிலையங்களில் ஓவியர்கள் பணியமர்த்தப்பட்டனர். சில படங்களில் முகம் நீங்கலாக ஏனைய பரப்பு முழுவதையும் வண்ணம் மூடியிருப்பதைக் காணலாம்.

கிறிஸ்டோபர் பின்னி 1997இல் வெளியிட்ட ‘கேமரா இண்டிகா’ என்ற நூல், மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற தொழில் நகரின் ஒளிப்பட நிலையங்களை ஆராய்கிறது. இறந்தவரின் பழைய சிறு படமொன்றைக் கொண்டுவந்து, அதைப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, வீட்டுச் சுவரில் வணங்கத்தக்க உருவமாக்கித் தருமாறு கேட்பது அங்கு இயல்பான வழக்கம். வாடிக்கையாளர் நாடியது அவர் இருந்தவாறே காட்டும் சான்றை அன்று. அவர் நினைக்கப்பட வேண்டியவாறு காட்டும் உருவத்தை.

எனவே, ஒட்டிச் சேர்த்த படம் என்பதனாலேயே ஒன்றைப் போலி எனத் தள்ளுவது, இந்திய ஒளிப்பட வரலாற்றின் பெரும்பகுதியையே தள்ளுவதாகும். மனோரதப் படம் ஒரு நிகழ்ச்சிக்குச் சான்றன்று. ஓர் உறவுக்குச் சான்று.

எனினும் ஒரு வேறுபாட்டைக் கருதாமல் விட இயலாது. மனோரதப் படத்தில் ஒட்டுத் தெரியும். தட்டையாகத் தீட்டிய உடலின்மேல் ஒளியும் நிழலும் கொண்ட முகம் தனித்து நிற்கும். பார்ப்பவர் எவரும் ஏமாறவில்லை. இது விருப்பத்தின் படம் என்பதைப் படமே சொல்லியது. 1990இல் ஃபோட்டோஷாப் வெளிவந்த பின்னர் அந்த ஒட்டு மெல்ல மறையத் தொடங்கியது; செயற்கை நுண்ணறிவு அதனை முற்றிலும் அழித்து வருகிறது. உருவாக்கியவருக்கும் பெற்றவருக்கும் இன்று உண்மை தெரியும். மூன்றாம் தலைமுறைக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

மறைவது ஒட்டு மட்டுமன்று, கலைஞரின் பெயரும்கூட. நாத்துவாராவில் காசிராம் ஹர்தேவ் சர்மா (1868–1930) போன்ற சிலரின் பெயர்களே நிலைத்தன; எண்ணற்ற மனோரதப் படங்களை வரைந்த கைகள் எவருடையவை என்பது தெரியவில்லை. இன்று தனிப்பட்ட வேண்டுகோளின்பேரில் கணினியில் வரைந்து தருவோரின் நிலையும் அதுவே.

இவ்விரண்டு இழப்பையும் தவிர்க்கும் வழி எளிது. படத்தின் பின்புறத்தில் மூன்று வரிகள் போதும்: இதில் இருப்பவர் யார், எந்த ஆண்டில் யாருடைய விருப்பத்தின்பேரில் இணைக்கப்பட்டனர், இணைத்த கலைஞர் யார்.