கொல்கத்தா டெர்பி: மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால்

கொல்கத்தாவின் இரு கால்பந்துக் கழகங்களான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டத்துக்குக் கொல்கத்தா டெர்பி என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் ‘போரோ மேட்ச்’ என்பார்கள். பெரிய ஆட்டம் என்று பொருள். லீக் போட்டியில் இவை முதன்முதலாக மோதியது 1925 மே 28 அன்று. நேபால் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. பச்சையும் மெரூனும் மோகன் பகானின் நிறங்கள், பாய்மரப் படகு அதன் சின்னம். ஈஸ்ட் பெங்காலுக்குச் சிவப்பும் மஞ்சளும், எரியும் தீப்பந்தமும்.

தோற்றம்

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15 அன்று வட கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலப் படையணியை 2–1 எனத் தோற்கடித்து, அந்தக் கேடயத்தை வென்ற முதல் இந்திய அணியானது. சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தார்கள். பதினோரு பேரில் பூட்ஸ் அணிந்திருந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு, பூட்ஸ் போட்ட சிப்பாய்களை எதிர்த்து ஆடினார்கள்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததற்கு ஒரு வீரரை உட்கார வைத்ததுதான் காரணம். 1920 ஜூலை 28 அன்று கூச் பெஹார் கோப்பையில் மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் அணி ஆடியது. கிழக்கு வங்கத்துத் தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸைக் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி அவரைச் சேர்க்கச் சொல்லிப் பார்த்தார்; நடக்கவில்லை. ஊரைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்ற கசப்போடு பதவி விலகிய அவர், நண்பர்களோடு சேர்ந்து ஆகஸ்ட் 1 அன்று புதுக் கழகம் கண்டார்.

வந்தவரும் இருந்தவரும்

மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளுக்குக் ‘கோட்டி’ என்றும், பத்மா நதிக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்குப் ‘பாங்கால்’ என்றும் பெயர். 1947 பிரிவினையில் வீடு வாசல் இழந்து, சியால்டா ரயில் நிலைய நடைமேடையிலும் நகரோரக் காலனிகளிலும் ஒண்டிய லட்சக்கணக்கானோருக்கு, இழந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கழகம் ஒன்று இருந்தது. அதன் வெற்றியைத் தங்கள் வெற்றியாக அவர்கள் கொண்டாடினார்கள். பேச்சு வழக்கிலும் சமையலிலும் இருந்த பிரிவு மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும் (நம் கடற்கரையில் உல்லம்), மோகன் பகான் வென்றால் இறாலும் சமைப்பது வழக்கமானது. கிளாஸ்கோவில் ஐரிஷ் குடியேறிகளின் கழகமான செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும் 1888 முதல் நடந்துவரும் போட்டியும் இத்தகையதே. ஆனால் அங்கே நடுவில் மதம் நிற்கிறது. கொல்கத்தாவில் இரு தரப்பும் ஒரே மொழி பேசும் மக்கள்.

கோட்டி, பாங்கால் என்ற இந்தக் கோடு எந்த நாளிலும் சுத்தமாக இருந்ததில்லை. 1911-இல் மோகன் பகானுக்காக ஆடியவர்களில் பலரின் பூர்வீகமே கிழக்கு வங்கம்தான். ரசிகர்கள் பூர்வீகத்தைப் பார்த்துக் கட்சி பிரிந்தார்கள். கழகங்களோ ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுத்தன. டெர்பியைச் சரியாகப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல்.

தெற்கிலிருந்து போனவர்கள்

ஈஸ்ட் பெங்காலின் புகழ்மிக்க முன்வரிசை 1949 முதல் 1953 வரை ஆடிய ‘பஞ்ச பாண்டவர்கள்’: அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே. ஐவரும் தென்னாட்டவர். 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது இவர்கள் காலத்தில்தான். மோகன் பகானிலும் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் இருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அவர். வங்காளிகள் தங்கள் ஊர்ப் பெருமையாகப் போற்றும் டெர்பியின் பொற்காலத்தில் தெற்கத்திக் கால்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழில் கால்பந்து எழுதுகிறவர்கள் இதைப் போதிய அளவு சொல்லவில்லை.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்ற பிறகு இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமானது. 1911-இல் கண்ட வெறுங்கால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

பெரும் மோதல்கள்

1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டும் கொல்கத்தா லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கே. அதன் உச்சம் 1975 செப்டம்பர் 30. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5–0 என வென்றது. ஷியாம் தாபாவுக்கு இரண்டு கோல். அந்தத் தோல்வியைத் தாங்காமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்ட மைதானத்தில் லீக் ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்ந்திருந்தார்கள். களத்தில் மூண்ட மோதல் பார்வையாளர் பக்கம் பரவியது. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். விளையாட்டுப் பார்க்கப் போன பிள்ளைகள் பிணமாக வீடு திரும்பிய நாள் அது. ரசிகர்களின் வெறியைவிட, அவர்களைப் பிரித்து உட்கார வைக்கத் தவறிய ஏற்பாடே இதற்கு முதல் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. அவர்கள் நினைவாக ஆகஸ்ட் 16 கால்பந்து ரசிகர் தினமாக, ரத்த தானத்தோடு அனுசரிக்கப்படுகிறது. 1984-இல் சால்ட் லேக் மைதானம் திறந்த பின் பெரிய ஆட்டங்கள் அங்கே மாறின.

அங்கே 1997 ஜூலை 13 அன்று நடந்த பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000-க்கும் அதிகமானோர் வந்தார்கள். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தன் ‘டயமண்ட்’ வியூகத்தைப் பற்றிப் பெருமை பேசி, எதிரணி வீரர்களை வாய்ச்சொல்லால் வம்புக்கு இழுத்திருந்தார். எதிரே ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. 2009 அக்டோபர் 25 அன்று மோகன் பகானின் சிடி எடே தனியாளாக நான்கு கோல் அடித்து 5–3 எனக் கணக்கைத் தீர்த்தார்.

அண்மைக் காலம்

2020-இல் இரண்டும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டிக்குள் வந்தன. ஏ.டி.கே. அணியோடு இணைந்ததால் பெயருக்கு முன் ஒட்டிய மூன்றெழுத்தை மோகன் பகான் ரசிகர்கள் ஏற்கவே இல்லை. அவர்கள் விடாமல் எதிர்த்ததன் பலனாக 2023-இல் அது மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என மாறியது.

அந்த ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்கால் டெர்பியில் அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் அந்த வரிசையை முறித்த ஒரே கோல் சென்னைப் பையன் நந்தகுமார் சேகருடையது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையில் மோகன் பகானை 3–1 என வென்ற ஆட்டத்திலும் அவர் ஒரு கோல் போட்டார். அந்தக் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் கைப்பற்றியது.

2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் டெர்பி, ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொந்தளித்திருந்ததால் ரத்தானது. ஆட்டம் இல்லாத அந்த நாளில் இரு கழக ரசிகர்களும், நகரின் மற்றொரு கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்து மைதானத்துக்கு வெளியே நீதி கேட்டு நின்றார்கள். போலீஸ் தடியடி நடத்தியும் பலர் கலையவில்லை. ரத்தான ஆட்டத்துக்கு இரு அணிகளுக்கும் தலா ஒரு புள்ளி வழங்கப்பட்டது.