மருந்தும் மயக்கமும்

சிவகாசிச் சீமையிலே 'மருந்து' எனும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பட்டாசுக் குழாயில் செலுத்தும் கலவையும் மருந்து. அது வெடித்து உடல் வெந்த பிறகு வேதனை தணியத் தருவதும் மருந்து! முதல் மருந்தின் வரலாற்றை விருதுநகர் மாவட்டத்தார் நன்கறிவர். கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரின் கதையைப் பள்ளிச் சிறுவனும் அங்கே சொல்வான். இரண்டாம் மருந்தின் வரலாறோ நம்மிடையே பேசப்படுவதேயில்லை.

பேசித் தீரவேண்டிய காலம் வந்துவிட்டது. டாபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பற்றியும், மருத்துவச் சீட்டின்றி அவற்றை விற்போர் பற்றியும் தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் வழக்குகள் வந்தவண்ணமுள்ளன. பிள்ளை சிக்கியது தெரிந்ததும், "கெட்டழிந்தான்" என்கிறது ஊர். "தலையெழுத்து" என்று அழுகிறாள் தாய். மந்திரித்துக் கயிறு கட்ட ஆள் தேடுகிறார் தந்தை. உடலுக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர் மட்டும் இல்லை!

நாம் கேட்போம். அபினிச் சத்து வந்து பொருந்தும் இடங்கள் மூளையில் இயற்கையாகவே உண்டு. அச்சத்தை ஒத்த பொருளை உடலே சுரந்து வலியை ஆற்றிக்கொள்கிறது. 1970-களில் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை இது. வெளியிலிருந்து நாள்தோறும் வந்து கொட்டினாலோ, அந்த இடங்கள் மரத்துப்போகின்றன. நேற்று ஒரு மாத்திரை தந்த சுகத்துக்கு இன்று இரண்டு வேண்டும். நிறுத்தினால் கண்ணும் மூக்கும் ஒழுகும், குடல் முறுக்கும், எலும்பு குடையும், உறக்கம் ஓடும். அப்போது அவன் மாத்திரை தேடுவது இன்பத்துக்காக அன்று, எழுந்து நடமாடுவதற்காக! அளவு மீறினால் மூச்சு மெல்லத் தணிந்து நின்றுவிடும். சில வாரம் விட்டிருந்து, பழைய அளவையே மீண்டும் எடுப்பவர் மாண்டுபோவதும் உண்டு. உடல் தாங்கும் அளவு குறைந்துவிட்டதை அவர் அறியார்.

இது ஒழுக்கக் கேடென்றால், அந்தக் கேட்டை விற்று வாழ்ந்தவர் யார்? வங்காளத்து அபினிக் கொள்முதலை 1773-இல் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. உழவன் கசகசாச் செடி பயிரிட்டான், சரக்கு கல்கத்தாவில் ஏலம் போயிற்று, சீனம் மயங்கிற்று. தடுக்க முனைந்த சீனத்தின்மீது 1839-இல் பீரங்கி முழங்கிற்று. பின்னர் இங்கிலாந்திலேயே கண்டனம் வலுக்கவே, 1893-இல் அரச ஆணையம் அமைத்தனர். ஈராண்டு கழித்து அது தந்த தீர்ப்பு யாது? இந்தியரின் அபினிப் பழக்கத்தால் பெருந்தீங்கு இல்லையாம்! வருவாய் கண்ணசைத்தது, ஆணையம் தலையசைத்தது என்று நாம் சொன்னால் மிகையாகுமா?

தீங்கற்ற அந்தப் பொருள் பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்புகளில் செய்த வேலையையும் பாருங்கள். தாய் ஆலைக்குப் போன நேரத்தில் குழந்தை அழாமல் கிடக்க, அபினி உருண்டையைப் புகட்டினர். 1931-இல் வெளிவந்த தொழிலாளர் ஆணைய அறிக்கை கூறும் செய்தி இது. தாயைத் தூற்றுவோர் உண்டு. தொட்டில் கட்ட இடமும், பிள்ளையைப் பார்க்க ஆளும் தராத ஆலையை அவர்கள் எளிதில் மறந்துவிடுவர்.

ஆண்டுகள் உருண்டன, விற்போரின் வாய்ச்சொல் மாறவில்லை. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1898-இல் ஹெராயினை இருமல் மருந்தென விற்றது. மார்பினைப் போல அடிமையாக்காது என்றும் சொல்லிற்று! அமெரிக்காவின் பர்டூ நிறுவனம் 1996-இல் ஆக்சிகான்டின் மாத்திரையைக் கொணர்ந்து, அடிமையாகும் ஆபத்து மிகக் குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்தது. 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020-இல் மீண்டும் ஒப்புக்கொண்டது. அபினி வகைப் பொருள்களால் அந்நாட்டில் மாண்டோர் இலட்சக்கணக்கினர்.

நம் நாடு சறுக்கியது எதிர்ப்புறத்தில். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் கடுஞ்சிறையைக் காட்டி மிரட்டிற்று. மார்பின் வைத்திருக்க மருத்துவமனை பல உரிமங்கள் பெறவேண்டும். ஒன்று வருமுன் மற்றொன்று காலாவதியாகும். விளைவு? சட்டம் வந்த ஆண்டில் 500 கிலோவுக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவான மார்பின், 1997-இல் 18 கிலோவாய்ச் சுருங்கிற்று! உலகுக்கே அபினி ஏற்றுமதி செய்த நாட்டில்! கடத்தல்காரன் கலங்கவில்லை, கலங்கியவர் மருத்துவர், கதறியவர் நோயாளி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். பிழைத்தோர் பலர் வெந்த மேனியராய்க் கிடந்தனர். அத்தகைய வேதனைக்கு மார்பினை விடச் சிறந்த மருந்து அரிது.

வழியில்லாமல் இல்லை. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் முதலானோர் தொடங்கிய வலிதணிப்புப் பணி, ஒழுங்காகக் கணக்கு வைத்து மார்பின் மாத்திரையை ஏழைகளின் வீட்டுக்கே கொண்டுசேர்த்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. சிக்கியவனை மீட்கவும் மருந்து உண்டு: புப்ரெனார்பின், நாவின்கீழ் வைத்துக் கரையவிடுவது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வேண்டியிருக்கும். "ஒன்றை விட்டு இன்னொன்றா?" என்று நகைப்பவர், நீரிழிவுக்காரர் நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்வதைக் கண்டு நகைப்பதில்லை.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்த் தோழர்கள் தத்தம் ஊர் அரசு மருத்துவமனைக்குச் சென்று இரண்டு கேள்விகள் கேட்கட்டும். தீப்புண் பட்டவருக்குத் தர மார்பின் இருப்பில் உள்ளதா? மாத்திரையில் சிக்கியவருக்குத் தரப் புப்ரெனார்பின் உள்ளதா? கிடைக்கும் விடையை நாளும் இடமும் குறித்து நமக்கு எழுதட்டும், வெளியிடுவோம்.