இலத்திரன் இணையும் உண்மையின் உரைகல்லும்

1957-இல் அமெரிக்க அறிஞர் மூவர் மீகடத்தலை விளக்கினர்: கடுங்குளிரில் உலோகத்தின் இலத்திரன்கள் இணை இணையாகச் சேர்ந்து மின்தடையின்றி ஓடுகின்றன. அவ்விணையின் அலை எல்லாத் திசையிலும் ஒரே குறியுடையது என்பது அவர்தம் முடிபு.

1986-இல் சூரிச்சில் பெட்னோர்ஸும் முல்லரும் கண்ட செப்பு ஒட்சைட்டு மீகடத்திகள் அவ்வரம்பிற்குள் அடங்கவில்லை. மறு ஆண்டே தமிழகத்து அறிஞர் கணபதி பாஸ்கரன், சௌ, ஆண்டர்சன் ஆகியோருடன் சேர்ந்து, இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும் பகையே அவற்றின் இணைப்புக்கும் வித்து என்றார். அவ்வழிச் சென்ற பிறர் இணையின் வடிவமும் வேறென்றனர்: நமது கொட்டியாரக் குடாவின் அலைபோல ஒரு திசையில் முகடு, அதற்குச் செங்குத்தான திசையில் பள்ளம்.

இவ்வாதத்தை எவர் புகழும் தீர்க்கவில்லை. 1994-இல் சூயேயும் கேர்ட்லியும் மூன்று படிகங்கள் கூடுமிடத்தில் நுண்வளையம் அமைத்தனர். அதில் காந்தப் பாயத்தின் அரை அலகு தானே தோன்றிற்று. குறி மாறினாலன்றி அது தோன்றாது.

ஸ்ட்ரோன்சியம் ருதெனேற்றின் கதையோ மறுபுறமானது. அதன் இணையில் இரு இலத்திரன்களின் சுழற்சியும் ஒரே பக்கமானது என 1998-இன் அளவீடு கூறியது, உலகம் நம்பியது. 2019-இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த மறு அளவீடு, அளக்கும்போதே பொருள் சூடேறியதைக் காட்டி அம்முடிபைத் தகர்த்தது.

நடைமுறையே உண்மையின் உரைகல். ஆய்வுகூடம் மறுக்கப்பட்ட மாணவருக்குப் பெயர்களை மனனம் செய்வதே விஞ்ஞானமாகிறது. திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளையும் தன் கையால் அளந்து, ஆசானையும் மறுத்துரைக்கும் கல்வியையே நாம் கேட்கிறோம்.