இரண்டு முத்து நகரங்களும் ஒரு குளியாளும்

இந்தியாவில் 'முத்து நகரம்' என்னும் பட்டத்தை இரண்டு ஊர்கள் சுமக்கின்றன. ஒன்று, முத்துச்சிப்பி விளைந்த கடலை ஒட்டிய தூத்துக்குடி. மற்றொன்று, தக்காணப் பீடபூமியில் கடற்கரையே இல்லாமல் அமைந்த ஹைதராபாத். சார்மினாரை அடுத்த பத்தர்கட்டிக் கடைகளில் இன்று சரம் சரமாகத் தொங்கும் முத்துகளில் பெரும்பாலானவை சீன நன்னீர்ப் பண்ணைகளில் விளைந்தவை. நிஜாம்களின் காலத்தில் அந்நகரம் போற்றியவை, பாரசீக வளைகுடாவில் எடுக்கப்பட்ட 'பஸ்ரா முத்து'கள். 1995இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கிய நிஜாம் நகைத் தொகுப்பில் 'சத்லடா' என்னும் ஏழு சர முத்துமாலையும் உண்டு. பாரசீக வளைகுடாவாயினும் மன்னார் வளைகுடாவாயினும், இயற்கை முத்து ஒவ்வொன்றும் மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குச் சென்ற ஒருவரின் கையால்தான் கரையேறியது. அந்தக் கையைப் பற்றி வரலாறு ஓரளவு பேசியிருக்கிறது. கண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது.

அதே ஹைதராபாத்திலிருந்து இன்று அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் விடுமுறைக்குச் செல்வோர் முகக்கண்ணாடியும் சுவாசக் குழலும் அணிந்து, பவளத்திட்டுகளின் மேல் மிதந்தபடி ஆமையையும் வண்ண மீன்களையும் கண்டு களிக்கின்றனர். 'ஸ்நார்க்கல்' என்ற சொல்லே, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களில் பொருத்தப்பட்ட காற்றுக் குழலின் பெயரிலிருந்து வந்தது. சொல்லின் வயது நூறாண்டைத் தொடவில்லை. அச்சொல் குறிக்கும் செயலின் வயதோ வேறு. நீருக்குள் முகம் புதைத்துக் கடலடியைப் பார்ப்பது தமிழ்க் கடற்கரையில் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு தொழிலாக இருந்தது.

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்தெடுக்க இறக்கப்பட்டதாகக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்குச் சிப்பியில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதை எழுதுகிறார். இரவில் மந்திரம் அவிழ்க்கப்படும் என்றும், திருட்டுத்தனமாக யாரும் முத்தெடுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்றும் அவர் சொல்கிறார். இவ்வாறு சுறாவைக் கட்டுவோருக்குத் தமிழில் 'கடல்கட்டி' என்று பெயர். பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி கைமாறிய போதெல்லாம் முத்து வருவாயின் உரிமையாளர் மாறினார்; கடலுக்குள் இறங்கியவர் மாறவில்லை.

இத்தொழிலின் சொற்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. 'முத்துக்குளித்தல்' என்பதில் வரும் 'குளி' என்பது உடல் கழுவுதலைக் குறிப்பதன்று. மூழ்குதல் என்னும் பொருள் அதில் தங்கியிருக்கிறது. மூழ்குபவர் 'குளியாள்'. முத்தெடுக்கும் நிகழ்வு 'சலாபம்'. சிப்பி படிந்திருக்கும் கடலடித் திட்டு 'பார்'. இந்தப் 'பார்' பாறையோடு தொடர்புடையது. 'காண்' எனப் பொருள்படும் 'பார்' என்ற வினையோடு அதற்கு இருப்பது ஒலி ஒப்புமை மட்டுமே. எனினும், பாரைப் பார்த்தவர்கள் குளியாள்கள் மட்டுமே என்பது வரலாற்று உண்மை.

காலில் கல்லைக் கட்டிக்கொண்டோ, கல்லின்மேல் கால் ஊன்றியோ குளியாள் இறங்குவார். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம். கீழே தங்குவது ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பதே வழக்கம் என்றும், தன் தங்கை தாலி இழக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்றும் கடற்கரையில் காரணம் சொல்லப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சலாபங்களில் குளியாளுக்குக் கிடைத்தது எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு; எஞ்சியது அரசுக்கு.

அவர்களுக்கு முகக்கண்ணாடி கிடையாது. நீருக்குள் கண் திறந்தால் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் எளியது. விழியின் முன்படலமான கார்னியாவின் ஒளிவிலகல் திறன் ஏறக்குறைய நீரினுடையதை ஒத்திருப்பதால், கண்ணின் குவிக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே இல்லாமற் போகிறது. முகக்கண்ணாடி கண்ணுக்கு முன்னே ஒரு காற்றறையை வைத்து அதனை மீட்டுத் தருகிறது. ஆனால் பழக்கமும் ஒரு கருவியே. தாய்லாந்துக் கடலோர மோக்கன் இனக் குழந்தைகள் பாவையைச் சுருக்கி, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்குக்கும் மேல் தெளிவாக நீருக்குள் காண்பதை 2003இல் அன்னா கிஸ்லேன் குழுவினர் வெளியிட்டனர். பயிற்சி அளித்தபோது ஸ்வீடன் நாட்டுக் குழந்தைகளும் அத்திறனைப் பெற்றனர். நீருக்குள் காணும் திறன் உழைப்பால் வருவது என்பதற்கு இது சான்று.

அந்த உழைப்பின்மேல்தான் மன்னார் வளைகுடாவின் கடலறிவியல் எழுந்தது. சலாபம் நடத்தலாமா என முடிவு செய்யும் முன், அரசு அதிகாரிகள் பார்களுக்குச் சென்று குளியாள்களை இறக்குவர். அவர்கள் கொண்டுவந்த சிப்பியின் எண்ணிக்கையும் வயதும், கடலடியைப் பற்றி அவர்கள் சொன்னதும் அறிக்கைகளாயின. 1902இல் இலங்கை வந்த ஹெர்ட்மன், அவருடன் வந்து பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. அவர்களுக்காகக் கடலடியைக் கண்டவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளித்தல் தொடர்ந்தது. பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததால் தீவுகள் தேய்ந்தன. 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீரில் மூழ்கின. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதன்பின் சுரண்டலைக் காட்டிலும் பெரிய ஆபத்தாக வந்தது வெப்பம். 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளிறின.

இந்த இடத்தில் ஹைதராபாத் மீண்டும் கதைக்குள் வருகிறது. 1999இல் அங்கே தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு, மன்னார் வளைகுடா உள்ளிட்ட பவளப் பகுதிகளுக்கு வெளிறல் எச்சரிக்கைகளை 2011 முதல் வழங்கி வருகிறது. கடலில்லா நகரம் கடலின் காய்ச்சலை அளக்கிறது. ஆயினும் செயற்கைக்கோள் காண்பது நீரின் மேற்பரப்பை மட்டுமே. பவளம் உண்மையில் வெளிறியதா, மீண்டதா என்பதை அறிய யாரேனும் ஒருவர் நீருக்குள் முகம் புதைத்தே ஆகவேண்டும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தீவு தீவாக மூழ்கிச் செய்வது அதைத்தான்.

ஒருகாலத்தில் முத்து நகரம் என்னும் பெயர் மட்டுமே இவ்விரு ஊர்களையும் இணைத்தது. இன்று ஹைதராபாத்திலிருந்து எச்சரிக்கை தெற்கே செல்கிறது. அதைச் சரிபார்க்கும் சாட்சி தெற்கிலிருந்துதான் வரமுடியும். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்குக்காக இன்றும் மூழ்குவோர் அந்தச் சாட்சிகளின் மரபில் வந்தவர்கள். பார்களின் பழைய நிலையைத் தந்தையிடமும் தாத்தனிடமும் கேட்டறிந்த அவர்களுடைய நினைவு, எந்தச் செயற்கைக்கோளின் தரவைவிடவும் பின்னோக்கிச் செல்வது. அதை எழுதி வைப்பதற்கு அவர்களிடம் கேட்டால் போதும். கேட்பதற்கான காலம் மட்டும் ஒவ்வொரு மூத்த குளியாளின் மறைவோடும் குறைந்துகொண்டே வருகிறது.